மழைக்கால அடுப்பு: நெல்லை வீடுகளுக்கான பேக்கிங், பலகார வழிகாட்டி

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் வீட்டின் நடுவிடம் அடுப்பங்கரைக்கு மாறிவிடும். சித்திரை வெயிலில் அடுப்பு முன்னால் பத்து நிமிடம் நிற்க முடியாது. மழை விழுந்த பிறகு அங்கேதான் எல்லோரும் வந்து நிற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு நனைந்து வரும் பிள்ளைகளுக்கு வாயில் போட ஏதாவது சூடாக வேண்டும். அதோடு திருக்கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நாள் கிழமைகள் வரும். அந்த மூன்று மாதங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓவன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இதில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சீனிக்கென்று எழுதிய கேக் செய்முறையை எடுத்து, சீனியை நீக்கிவிட்டு அதே எடைக்குக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டால் கேக் நன்றாக வராது. நடுவில் களியாக நிற்கும், அடி கருகும். பிறகு "கருப்பட்டி கேக்குக்குச் சரிப்படாது" என்று பழி கருப்பட்டி மேல் விழும். கருப்பட்டிக்கென்று ஒரு குணம் உண்டு. அந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டு, அளவையும் தீயையும் அதற்கேற்ப வைத்தால், சீனியில் கிடைக்காத மணமும் மென்மையும் கிடைக்கும். தேங்காய், உளுந்து, வாழைப்பழம், முந்திரி என்று நம் பக்கத்துச் சரக்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கருப்பட்டி: பார்த்து வாங்கி, கரைத்து வடித்து

1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரை உடன்குடியும் நெல்லை மாவட்டம்தான். அந்தப் பக்கத்துத் தேரி என்னும் செம்மணலில் நிற்கும் பனையின் கருப்பட்டிக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பனையில் பதநீர் சுரப்பது வெயில் காலத்தில். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைப் பாளையில் கட்டுவார்கள், பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்க. அதைக் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆற வைப்பார்கள். ஆகவே மழைக்காலத்தில் நீங்கள் வாங்குவது சில மாதங்களுக்கு முன் காய்ச்சிய கருப்பட்டியாகத்தான் இருக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை. ஈரம் படாமல் வைத்திருந்தார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடையில் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த இடம் பளபளவென்று சீனிப் பரல்களாக மின்னினால் சீனி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நல்ல கருப்பட்டி உள்ளே மங்கலாக இருக்கும். நாக்கில் வைத்தால் இனிப்போடு லேசான உவர்ப்பும் புகை வாசமும் தெரியும். வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் வேறு கடை பாருங்கள். டவுன் ரத வீதிகளில் உள்ள பழைய பலசரக்குக் கடைகளில் கேட்டால் எந்த ஊர்ச் சரக்கு என்றே சொல்லிவிடுவார்கள்.

இனி கரைக்கும் முறை. இதைச் சரியாகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 200 கிராம் கருப்பட்டியை நன்றாகத் தட்டி, 60 மில்லி தண்ணீரோடு அடி கனமான பாத்திரத்தில் சிறுதீயில் வையுங்கள். கரைந்தால் போதும். பாகு காய்ச்சக் கூடாது, நுரை கட்டிக் கொதித்தால் தண்ணீர் சுண்டி அளவு மாறிவிடும். கரைந்ததும் மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். துணியில் மணலும் சிரட்டைத் தும்பும் நிற்கும். வடித்ததைக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையும் பழுப்புமாக மெல்லிய வண்டல் படியும், சுண்ணாம்பின் மிச்சமும் அதில் இருக்கும். மேலாக இறுத்துக்கொண்டு அந்தக் கடைசி ஒரு கரண்டியை விட்டுவிடுங்கள். அதை விட மனமில்லாமல் ஊற்றினால் கேக் சாப்பிடும்போது பல்லில் நறநறக்கும்.

மழைநாளில் கருப்பட்டி தானாகவே கசியும். காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் அதற்கு உண்டு. அதே குணத்தால்தான் கருப்பட்டி கேக் மறுநாளும் காயாமல் மெத்தென்று இருக்கிறது. கேக் சீக்கிரம் பூசணம் பிடிப்பதற்கும் அந்த ஈரம்தான் காரணம். இன்னொன்று, சீனியைவிடக் கருப்பட்டி சீக்கிரம் சிவந்து கருகும். அதனால் தீ எப்போதும் ஒரு படி குறைவாக இருக்கட்டும்.

உளுந்தங்களி

கரைத்த கருப்பட்டி கையில் இருக்கும்போது முதலில் செய்ய வேண்டியது களி. பேக்கிங் இல்லைதான். ஆனால் மழை கொட்டும் சாயங்காலத்தில் இதற்கு மேல் ஒரு பண்டம் எனக்குத் தெரியவில்லை. பெரிய பிள்ளையான பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இடுப்புக்குப் பலம் என்று நம் வீடுகளில் கொடுப்பது. அவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை, வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம்.

தோலோடு கூடிய கறுப்பு உளுந்து 200 கிராம், பச்சரிசி 50 கிராம். இரண்டையும் தனித்தனியாக, வாசம் வரும் வரை வெறும் சட்டியில் வறுத்து, நைசாகத் திரித்துச் சலித்துக்கொள்ளுங்கள். 250 கிராம் கருப்பட்டியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வடித்து அடுப்பில் ஏற்றுங்கள். மாவைத் தனியாகக் கால் லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் கருப்பட்டித் தண்ணீரில் ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிண்டுங்கள். இறுகத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்ட வேண்டும். மொத்தம் 100 மில்லி எண்ணெய் இழுக்கும். பதினைந்து இருபது நிமிடத்தில் களி சுருண்டு வரும். தண்ணீர் தொட்ட விரலால் தொட்டுப் பாருங்கள், ஒட்டக் கூடாது. தட்டில் வைத்து நடுவில் குழித்து, அதில் இன்னும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுச் சூடாகச் சாப்பிட வேண்டும். எண்ணெயில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மழைநாள் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொதி

பலகாரத்துக்கு நடுவே ஒரு சாப்பாடும் வேண்டுமே. நெல்லைச் சைவ வீடுகளில் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதிதான் பிரதானம், மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். ஒரே குழம்பில் சாப்பாடு முடிந்துவிடும். இதற்கு இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் வெஞ்சனம். தேங்காய்ப்பால் மந்தத்துக்கு இஞ்சி அவசியம், அதை விட்டுவிடாதீர்கள்.

நான்கைந்து பேருக்கு நல்ல முற்றின பெரிய தேங்காய் ஒன்று. முதல் பால் 200 மில்லி கெட்டியாக எடுத்துத் தனியே வையுங்கள். இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் சேர்ந்து 600 மில்லி இருக்கட்டும். பாசிப்பருப்பு 50 கிராம் குழைய வேக வைத்துக்கொள்ளுங்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெயில் லேசாக வதக்கி, இரண்டாம் பாலில் வேக விடுங்கள். காரத்துக்குப் பச்சை மிளகாய் ஆறும் ஒரு துண்டு இஞ்சியும் அரைத்துச் சேர்க்க வேண்டும். மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி எதுவும் கிடையாது, நிறம் வெளுப்பாகவே இருக்க வேண்டும். காய் வெந்ததும் பருப்பையும் உப்பையும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள்.

இப்போது தீயை நன்றாகக் குறைத்து முதல் பாலை ஊற்றுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழியாக எழும்பி, நடுப்பகுதி லேசாக நடுங்கும். அந்த நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் பால் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும். எலுமிச்சம்பழம் பிழிவதற்கும் ஒரு நேரம் உண்டு. எங்கள் ஆச்சி அடுப்பங்கரைக்கு வெளியே இருந்துகொண்டே குரல் கொடுப்பாள்: "ஏட்டி, அடுப்ப அமத்திட்டுப் புழி. கொதிக்கும்போது புழிஞ்சா கசந்துரும்." அது அப்படியே உண்மை. இறக்கி ஐந்து நிமிடம் கழித்து ஒரு பழச் சாற்றைப் பிழிந்து, கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.

திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை

கார்த்திகை வந்தால் பனங்குருத்தோலை வேண்டும். சந்தைகளில் திருக்கார்த்திகைக்கு முந்திய நாட்களில் கட்டுக் கட்டாக வரும். பச்சரிசியை ஊறவைத்து இடித்து வறுத்த மாவு இரண்டு தம்ளர், தேங்காய்த் துருவல் ஒரு தம்ளர், வறுத்து அரைவேக்காடாக வேகவைத்த சிறுபயறு கால் தம்ளர், சுக்கும் ஏலக்காயும் பொடித்தது. வடித்த கருப்பட்டியை வெதுவெதுப்பாக ஊற்றி, கையில் பிடித்தால் நிற்கிற பதத்துக்குப் பிசையுங்கள். தளர்ந்துவிட்டால் ஓலைக்குள் நிற்காது. ஓலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, அதன் மடிப்புக்குள் மாவை அடைத்து, மேலே இன்னொரு ஓலையால் மூடி, ஓலை நாராலேயே கட்டி, ஆவியில் 25 நிமிடம் வேக வைத்தால் போதும். பச்சை ஓலையின் வாசம் மாவில் ஏறும். வாழையிலையில் வைத்தும் அவிக்கலாம், அது வேறு பண்டம் ஆகிவிடும்.

ஓவன் இல்லாத வீட்டில் ஓவன்

இனி பேக்கிங். மார்கழிக்கு இரண்டு வாரம் முன்பே இதைப் பழகிவிடுவது நல்லது.

மழைக்காலத்தில் கரண்டை நம்பி ஓவனில் கேக்கை வைப்பது கொஞ்சம் துணிச்சல்தான். நடுவில் கரண்ட் போனால் பொங்கிய கேக் அமுங்கிவிடும். கேஸ் அடுப்பில் கனமான பாத்திரம் வைத்துச் செய்வது அதைவிட உறுதி. பழைய குக்கரோ, கனத்த அலுமினியச் சட்டியோ, இறுக்கமான மூடி போட்ட இரும்புச் சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் குக்கரை இதற்கு எடுக்க வேண்டாம், தண்ணீர் இல்லாமல் நீண்ட நேரம் சூடேறினால் அது வீணாகிவிடும். அடியில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல்லுப்போ, கழுவிக் காய வைத்த ஆற்று மணலோ பரப்புங்கள். அதன் மேல் ஒரு இரும்பு வளையம் அல்லது ஸ்டாண்டு.

குக்கர் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு கூடாது. குக்கருக்குள் தண்ணீர் இல்லாதபோது மூடி அடைத்துக்கொண்டால் ஆபத்து. அதோடு கேக்கிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் மூடியில் தண்ணீர் கோத்து கேக் மேல் சொட்டும்.

மூடி போட்டு நடுத்தீயில் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டுத்தான் மாவை வைக்க வேண்டும். வைத்ததும் சின்ன பர்னருக்கு மாற்றி, தீயை அடங்கலாக வையுங்கள். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது. வாசம் வந்ததும் திறந்து பார்க்கத் தோன்றும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மின் ஓவன் வைத்திருப்பவர்கள் கருப்பட்டி சேர்த்தவற்றுக்கு 165 முதல் 170 டிகிரிக்கு மேல் போக வேண்டாம்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. கேக் நன்றாக வரும், ஆனால் மேல்பாகம் சிவக்காது. ஆவி சுற்றிக்கொண்டே இருப்பதால் மொறுமொறுப்பான பண்டம் எதுவும் வராது. பின்னால் வரும் மக்ரூனை இதில் முயல வேண்டாம்.

கருப்பட்டி வாழைப்பழ கேக்

7 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள வட்டத் தகரத்துக்கு அளவு சொல்கிறேன். கோதுமை மாவு 125 கிராம், மைதா 100 கிராம், கருப்பட்டி 200 கிராம், தோல் உரித்து மசித்த பழம் 120 கிராம், கெட்டித் தயிர் 60 கிராம், முட்டை இரண்டு, தேங்காய் எண்ணெய் 80 மில்லி, தேங்காய்த் துருவல் 40 கிராம், உடைத்த முந்திரி 40 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, சுக்குப் பொடியும் ஏலப்பொடியும் அரை அரைத் தேக்கரண்டி. தயவுசெய்து நிறுத்துப் போடுங்கள். தம்ளர் கணக்கில் குழம்பு வைக்கலாம், கேக்குக்கு அது ஒத்துவராது. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் எல்லாம் எளிது.

பழத்துக்குக் கோழிக்கூடு நல்லது, மணமும் லேசான புளிப்பும் உண்டு. களக்காட்டுப் பக்கம் ஏத்தன் கிடைக்கும்போது அதையும் போடலாம், கேக் கொஞ்சம் கனமாக, நல்ல இனிப்பாக வரும். எந்தப் பழமானாலும் தோல் கறுத்துக் கனிந்திருக்க வேண்டும்.

1. மேலே சொன்னபடி கருப்பட்டியை 60 மில்லி தண்ணீரில் கரைத்து, வடித்து, முழுக்க ஆற விடுங்கள். சூடாக ஊற்றினால் முட்டை வெந்து திரிதிரியாகும், தயிரும் முறியும்.

2. தேங்காய்த் துருவலைச் சிறுதீயில் ஈரம் போக வறுத்துக்கொள்ளுங்கள். பொன்னிறம் வந்ததும் இறக்கவும். பச்சைத் தேங்காயாகப் போட்டால் இந்த ஈரக் காற்றில் மறுநாளே சிக்கு வாசம் தட்டும்.

3. தகரத்தில் எண்ணெய் தடவி, அடியில் வெண்ணெய்த்தாள் விரியுங்கள். சட்டியைச் சூடேற்ற இதுதான் நேரம்.

4. மாவு இரண்டையும் பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, சுக்கு, ஏலத்தோடு சேர்த்து இரண்டு தரம் சலியுங்கள். கோதுமைத் தவிடு சல்லடையில் நின்றால் அதையும் திரும்பச் சேர்த்துவிடலாம்.

5. இன்னொரு பாத்திரத்தில் முட்டையை நுரைக்க அடித்து, எண்ணெய், ஆறிய கருப்பட்டி, தயிர், பழம் என்று வரிசையாகச் சேர்த்துக் கலக்குங்கள். தயிரை விட்டுவிட வேண்டாம். அதில் உள்ள புளிப்புப் பட்டால்தான் சோடா நுரைத்துக் கேக்கைத் தூக்கும், இல்லையென்றால் சோடா வாடைதான் மிஞ்சும்.

6. மாவைக் கொட்டி, அகப்பையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாமல் போகும் வரைக்கும்தான், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். அதிகம் கிண்டினால் மாவு இழுவையாகி, கேக் ரப்பராக வரும். வறுத்த தேங்காயையும் பாதி முந்திரியையும் கடைசியில் சேர்த்து, உடனே தகரத்தில் ஊற்றுங்கள். பாதி உயரத்துக்கு நின்றால் சரியான அளவு. மீதி முந்திரியை மேலே தூவுங்கள்.

7. தட்டிக் காற்றை எடுத்துவிட்டு, சூடேறிய சட்டியில் இறக்கி மூடுங்கள். சிறுதீயில் 50 முதல் 60 நிமிடம் ஆகும். 45-ஆவது நிமிடத்தில் ஒரு சுத்தமான தென்னை ஈர்க்கை நடுவில் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம். ஒன்றிரண்டு துகள் மட்டும் ஒட்டினால் அடுப்பை அணைத்துவிடலாம், உள்சூட்டில் மீதி வெந்துவிடும்.

8. கால் மணி நேரம் தகரத்திலேயே ஆற விட்டு, பிறகு கவிழ்த்துக் கம்பித் தட்டில் வையுங்கள். முழுக்க ஆறாமல் வெட்டினால் கத்தியில் இழுபடும்.

அன்றைக்கே தின்று தீர்ப்பதைவிட, மூடி வைத்து மறுநாள் வெட்டினால் ருசி அதிகம். கருப்பட்டி மணமும் சுக்கும் ஒன்றோடொன்று சேர ஓர் இராத்திரி வேண்டும். மழைக்காலத்தில் வெளியே இரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

முட்டை சேர்க்காத வீடுகளில் தயிரை 150 கிராமாகக் கூட்டி, பேக்கிங் பவுடரை ஒன்றரைத் தேக்கரண்டி ஆக்கினால் போதும். கொஞ்சம் அடக்கமாக எழும்பும், சுவையில் குறை இருக்காது. மைதாவே வேண்டாம் என்று முழுக்கக் கோதுமையில் செய்பவர்கள் மாவு இறுகுவதைப் பார்த்து இரண்டு கரண்டி பால் விட்டுக்கொள்ளலாம்.

கேக் நடுவில் குழிந்தால் பெரும்பாலும் சீக்கிரம் திறந்திருப்பீர்கள், அல்லது கருப்பட்டியில் தண்ணீர் கூடியிருக்கும். மேலே வெடித்துக் குன்றாக நின்றால் தீ அதிகம். அடி மட்டும் கருகியிருந்தால் உப்புப் பரப்பு மெல்லிசாக இருந்திருக்கும், அடுத்த தடவை இன்னும் அரை அங்குலம் கூட்டுங்கள்.

கிறிஸ்துமஸ் தட்டுக்கு மக்ரூன்

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று சொல்லும் தேவாலயத்தைக் கட்டியது 1826-இல். அந்தக் காலத்திலிருந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பாளையிலும் நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் ஏராளம். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீடுகளுக்குத் தட்டு வரும். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் கேக்கும் அதில் இருக்கும். உலர்பழ கேக் நம் பேக்கரிகளில் நன்றாகவே கிடைக்கிறது, அதனால் அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. தட்டில் வீட்டில் செய்த மக்ரூன் வைத்தால் அதற்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

தூத்துக்குடி மக்ரூனுக்கு மூன்றே பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. பிரேசிலிலிருந்து முந்திரியை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். முத்துக் குளித்த அந்தக் கடற்கரையில் அவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். இங்கே கருப்பட்டிக்கு வேலை இல்லை. சீனியின் வறண்ட தன்மைதான் இந்தப் பண்டத்தை நிறுத்துகிறது.

மூன்று முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 100 கிராம் வரும். அதற்குப் பொடித்த சீனி 150 கிராம், முந்திரி 150 கிராம். முந்திரியை நிறம் மாறாமல் வெறும் சட்டியில் சூடு காட்டி, ஆறிய பின் ஒரு கரண்டி சீனியோடு மிக்சியில் விட்டு விட்டு அடியுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும், அந்த எண்ணெய் பட்டால் நுரை இறங்கிவிடும். மெல்லிய ரவைப் பதம் போதும்.

பாத்திரத்தில் ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கக் கூடாது. எலுமிச்சைத் தோலால் உள்ளே துடைத்துவிட்டால் நல்லது. மஞ்சள்கரு கொஞ்சம் கலந்தாலும் நுரை எழும்பாது, எனவே ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேருங்கள். முதலில் சோப்பு நுரையாகப் பெரிய குமிழிகள் வரும். நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். குமிழிகள் சிறுத்து வெளுத்து அடர்த்தியானதும் சீனியை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் நுரை தளர்ந்து, பிறகு எழும்பவே எழும்பாது. கொஞ்ச நேரத்தில் நுரை பளபளப்பாகி, அடிக்கும் கம்பியைத் தூக்கினால் கூர்முனையாக நிற்கும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள், சீனி நறநறக்கக் கூடாது. பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நுரை அசையக் கூடாது. இந்த நிலை வந்துவிட்டால் முந்திரிப் பொடியை மூன்று பங்காகத் தூவி, மெதுவாகப் புரட்டிச் சேருங்கள்.

காலிப் பால் கவரைக் கழுவிக் காய வைத்து, அதில் நிரப்பி முனையை வெட்டி, வெண்ணெய்த்தாள் மேல் கூம்பாகப் பிழியுங்கள். ஓவனில் 120 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம். இதை வேக வைப்பதைவிட உலர்த்துவது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வெளுப்பு மாறாமல், தாளிலிருந்து தானாகக் கழன்று வந்தால் ஆயிற்று. அணைத்த ஓவனுக்குள்ளேயே ஆற விடுங்கள். ஆறியதும் அரை மணி நேரம்கூட வெளியே வைக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள், மழைக்காற்று பட்டால் உடனே நமத்துவிடும். விடாமல் மழை பெய்கிற நாளில் மக்ரூன் போட வேண்டாம். வெயில் எட்டிப் பார்க்கும் நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

மிஞ்சிய மஞ்சள்கருவுக்குத் தம்ரூட்

மக்ரூனுக்குப் பின் மூன்று மஞ்சள்கரு மீந்திருக்கும். அதற்கென்றே அமைந்தது தம்ரூட். மேலப்பாளையம், காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்கும் விருந்துக்கும் செய்யும் ரவைப் பண்டம் இது. மின் ஓவன் வருவதற்கு வெகு காலம் முன்பே நம் பக்கத்தில் வீட்டு பேக்கிங் இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. சட்டிக்குக் கீழே கனல், மூடியின் மேலும் கனல் என்று வைத்து மேலும் கீழும் ஒரே சீராகச் சிவக்க விடுவார்கள்.

முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டராகச் சுண்டக் காய்ச்சுங்கள். 200 கிராம் ரவையை இரண்டு கரண்டி நெய்யில் வாசம் வர வறுத்து, சூடான பாலை ஊற்றிக் கிண்டி, கெட்டியானதும் 250 கிராம் சீனியைச் சேருங்கள். சீனி இளகிக் கலவை மறுபடி தளரும், பயப்பட வேண்டாம். மொத்தம் 120 கிராம் நெய்யில் மீதியையும் விட்டு, ஒரு சிட்டிகை உப்பும் ஏலமும் போட்டு இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, மீந்த மூன்று மஞ்சள்கருவோடு முழு முட்டை இரண்டும் உடைத்து நன்றாக அடித்து ஊற்றிக் கலக்குங்கள். மக்ரூன் செய்யாத நாளில் முழு முட்டை நான்கு போட்டுக்கொள்ளலாம். நெய் தடவிய தட்டில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு ஊற்றி, மேலே முந்திரியும் பாதாமும் பதித்து, ஓவனில் 170 டிகிரியில் 40 நிமிடம் வையுங்கள்.

ஓவன் இல்லாதவர்கள் சட்டி முறையில் நடு வேகும் வரை செய்துவிட்டு, மேல்பாகம் சிவக்கப் பழைய வழியைக் கையாளலாம். தட்டையான இரும்பு மூடியைப் போட்டு, நன்றாகக் கனன்ற சிரட்டைக் கரியை அதன் மேல் பரப்பி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் போதும். கரிக் கனலை மட்டும் முற்றத்திலோ தாழ்வாரத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்திய அடுப்பங்கரையில் அதன் புகை உயிருக்கே ஆபத்து. மூடியை எடுக்கும்போது சாம்பல் உள்ளே விழாமல், இரண்டு பக்கமும் பிடித்து நேராகத் தூக்க வேண்டும்.

சூடாக இருக்கும்போது தம்ரூட் குழைவாகத்தான் தெரியும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள். ஓர் இராத்திரி ஆறினால் நெய் உறைந்து, கத்தி வைத்தால் வில்லை வில்லையாக நிற்கும். ஓரத்துத் துண்டுகளுக்குத்தான் வீட்டில் போட்டி இருக்கும், அங்கேதான் சீனி நன்றாகச் சிவந்திருக்கும். அதனால் அகலமான ஒரு தட்டுக்குப் பதில் சின்னத் தட்டுகள் இரண்டில் ஊற்றிவிடுங்கள், நேரத்தில் மட்டும் பத்து நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள்.